ரியூ: பாணியா, கால்வழியா?

கராத்தே வகுப்புப் பலகைகளில் ‘கோஜு ரியூ’, ‘ஷிட்டோ ரியூ’ என்று பார்த்திருப்பீர்கள். மாஸ்டரிடம் கேட்டால் ரியூ என்றால் ‘ஸ்டைல்’ என்பார். தமிழில் எழுதும்போது அதுவே ‘பாணி’ ஆகிவிடுகிறது. அவசரத்துக்குச் சரி. ஆனால் பாணி ஒருவரோடு பிறந்து அவரோடே போய்விடலாம். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகாதவரை எதையும் ரியூ என்று சொல்ல முடியாது.

இந்த ஜப்பானியச் சொல்லின் நேர்ப்பொருள் நீரோட்டம். அதை எழுதும் சீன எழுத்தின் இடப்பக்கம் தண்ணீரைக் குறிக்கும் மூன்று கீற்றுகள் இருக்கும். ‘ரியூஹா’ என்ற கூட்டுச்சொல்லில் வரும் ‘ஹா’வுக்கும் அதே மூன்று கீற்றுகள்தான், அது ஆற்றிலிருந்து பிரியும் கிளை. தேநீர்க் கலை, மலர் அலங்காரம் எல்லாவற்றிலும் ரியூ உண்டு. இங்கே போர்க்கலையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இன்றும் நடைமுறையில் இருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று கடோரி ஷின்டோ ரியூ. 15ஆம் நூற்றாண்டில், இன்றைய சிபா பகுதியிலுள்ள கடோரி ஆலயத்தை ஒட்டி ஈஸாஸா இயெனாவோ தொடங்கியது. அவர் ஆயிரம் நாள் நோன்பிருந்தார், ஆலயத் தெய்வம் ஃபுட்சுநுஷி தோன்றிச் சுவடி தந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. (எல்லாத் தற்காப்புக் கலையையும் போதிதர்மர் வழியாகக் காஞ்சிபுரத்தோடு முடிச்சுப்போட நமக்கு ஆசைதான். கடோரிக்காரர்கள் தங்கள் தொடக்கமாகச் சொல்வது ஊர்த் தெய்வத்தைத்தான்.) புதிதாகச் சேர்பவர் உறுதிமொழித் தாளில் பெயரெழுதி, விரலைக் கீறி ரத்தத்தைப் பதிக்க வேண்டும். கற்றதை வெளியாருக்குக் காட்டமாட்டேன் என்பது அதில் ஒரு வாக்கு. இதற்குக் ‘கெப்பான்’ என்று பெயர். தலைமை இன்னும் ஈஸாஸா குடும்பத்தில்தான் இருக்கிறது. 1960இல் சிபா நிர்வாகம் இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

படிப்பு முடிந்ததற்குச் சான்று பெல்ட் அல்ல, சுருள். அதை விரித்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: பெரும்பாலும் வெட்டுகளின், பிடிகளின் பெயர்ப் பட்டியல்தான். எப்படிச் செய்வது என்பதற்கு ‘குடென்’, அதாவது வாய்மொழி. ஆசான் பக்கத்தில் நின்று சொல்லித்தராவிட்டால் சுருளைத் திருடிக்கொண்டு போனாலும் பயனில்லை. கடைசியில் தோற்றுவித்தவர் தொடங்கி ஆசான்களின் பெயர்கள் வரிசையாக வரும். அப்புறம் பெறுபவர் பெயர், தேதி, முத்திரை. எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாயிற்று என்று தரும் உயர்ந்த உரிமம் ‘மென்கியோ கைடென்’. இப்போது நாம் பெரிதாகப் பேசும் ‘டான்’ தரங்கள் பின்னால் வந்தவை. 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, அடுத்த ஆண்டு ஜூடோவில் அவற்றைப் புகுத்தினார்.

கிளை பிரிவதற்கு யாகியூ என்ற வாள்வீரர் குடும்பம் நல்ல உதாரணம். ஐசு இகோசாயின் காகே ரியூவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் காமீஸுமி நொபுட்சுனா ஷின்காகே ரியூவை உண்டாக்கினார். ‘ஷின்’ என்றால் புதிய. 1565இல் அவர் யாகியூ முனெயோஷிக்கு உரிமம் கொடுத்தார். முனெயோஷியின் மகன் முனெனோரி எடோவில் (இன்றைய டோக்கியோ) ஷோகுன்களுக்கு, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர்களுக்கு, வாள் ஆசானானார். தாத்தாவிடமே நேராகக் கற்ற பேரன் தொஷிதொஷி நாகோயா போய், ஷோகுன் குடும்பத்தின் ஒரு கிளையான ஓவாரி டோகுகாவா வீட்டில் ஆசானானார். ஒரே மூலம், இரண்டு ஓட்டம். நாகோயா கிளை இன்றும் ஓடுகிறது.

ஷோகுன் ஆட்சி போய்ப் பேரரசர் ஆட்சி வந்த 1868இன் மேய்ஜி மாற்றத்துக்கு முன் தோன்றியவற்றைக் ‘கோரியூ’ என்கிறார்கள். ‘கோ’ என்றால் பழைய. 1876இல் வாள் தரித்து வெளியே நடக்கவே தடை வந்தது; பிழைப்புப் போன ஆசான்கள் பலர், வற்றிப்போன ரியூக்களும் பல. ஜூடோ, கெண்டோ, அய்கிடோ எல்லாம் இதற்குப் பிறகு உருவெடுத்தவை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பள்ளி’ என்றால் கட்டடம் நினைவுக்கு வருகிறது. ‘மரபு’ மிகவும் அகலம். எனக்குப் பிடித்தது ‘கால்வழி’. தலைமுறைத் தொடர்ச்சி என்று பொருள், ‘கால்’ என்பதற்கு வாய்க்கால் என்ற பொருளும் உண்டு. ரத்த உறவு வாடை அடிக்கிறதே என்றால், ஜப்பானிலும் திறமையான சீடனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுப்பது சாதாரணம். வாடை பொருந்தவே செய்கிறது. ஹாவுக்குக் ‘கிளை’. ஓனோஹா இட்டோ ரியூ என்ற வாள் ரியூவை ‘இட்டோ கால்வழியின் ஓனோ கிளை’ என்று எழுதலாம், கோரியூவைத் ‘தொல்கால்வழி’ என்று.

கராத்தேயில் இதைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவில் ஷூரி, நாஹா என்று ஊர்ப் பெயரால்தான் வழங்கினார்கள். கோஜு ரியூ போன்ற பெயர்கள் பெரும்பாலும் 1930களில் நிலைபெற்றவை. கராத்தே பலகைகளில் பார்க்கும் ‘ஷோட்டோகான்’ ரியூவே அல்ல: ஷோட்டோ என்பது ஃபுனாகோஷி கிச்சினின் புனைபெயர், ‘கான்’ கூடம். சீடர்கள் பயிற்சிக்கூடத்துக்கு வைத்த பெயர் அது, ஆகவே ‘ஷோட்டோ கூடம்’ போதும்.