கட்டிக்குள் சூடாகும் தங்கம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பெரியப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய். அமெரிக்காவில் தங்கத் துகளை உடம்பில் ஏற்றி, லேசர் அடித்துக் கட்டியை எரிக்கிறார்களாமே? அப்படியென்றால் நம்ம ஊர் தங்க பஸ்பமும் அதே வேலையைத்தானே செய்யும்?"

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

சூடு செல்லைக் கொல்லும் என்பது புது விஷயமில்லை. நம் உடம்பு 37 டிகிரியில் இருக்கிறது. 50 டிகிரியைத் தாண்டிவிட்டால் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் முட்டையின் வெள்ளைக்கரு வேவதைப்போல உருக்குலைந்து, சில நிமிடங்களில் செல் செத்துவிடும். ஆனால் சூட்டுக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் தெரியாது. புராஸ்டேட் சுரப்பியை ஒட்டியே சிறுநீரை அடக்கும் தசையும் ஆண்மைக்கான நரம்புகளும் இருக்கின்றன. கட்டி வேக வேண்டும், அவை வேகக்கூடாது.

இருட்டில் டார்ச் லைட்டை உள்ளங்கையால் பொத்திப் பார்த்திருப்பீர்கள். விரலிடுக்கெல்லாம் சிவப்பாக ஒளிரும். ரத்தம் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் போக விடுகிறது. சிவப்பையும் தாண்டி, அலைநீளம் சுமார் 700 முதல் 900 நானோமீட்டர் வரை (ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் வருவது ஒரு நானோமீட்டர்), கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ரத்தமும் அதிகம் விழுங்காது, தண்ணீரும் அதிகம் விழுங்காது. அந்த ஒளி சதைக்குள் ஓரிரு சென்டிமீட்டர் வரைகூடப் போகும். யாரும் விழுங்காத ஒளியால் யாருக்கும் பெரிதாகச் சூடு ஏறாது. ஆக, அந்த ஒளியை விழுங்கும் ஒரு பொருளைக் கட்டிக்குள் மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். அந்தப் பொருள்தான் தங்கம்.

நகைக்கடைத் தங்கம் மஞ்சள். அதையே மிக மிகப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மாணிக்கச் சிவப்பு. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1857இல் இதைப் பற்றி எழுதினார். அவர் தயாரித்த சிவப்புத் திரவம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் பாட்டிலில் இருக்கிறது. ஏன் சிவப்பு? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். குடத்துத் தண்ணீர் அலம்புவதற்கென்று ஒரு தாளம் உண்டு. நம் நடை அந்தத் தாளத்தோடு ஒத்துப்போய்விட்டால், மெதுவாக நடந்தாலும் தண்ணீர் எகிறித் தோளை நனைக்கும். (அதற்காகத்தான் மேலே வேப்பிலைக் கொத்தைப் போடுவார்கள்.) தங்கத்தில் வெளி எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் குடத்துத் தண்ணீர்போலத் திரிகின்றன. ஒளி என்பது மாறி மாறி இழுக்கும் மின்புலம். அது சின்னத் துகளின் மேல் பட்டதும் எலெக்ட்ரான் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் சாய்கிறது. மறுபக்கம் மிஞ்சிய நேர்மின்சுமை அதைத் திரும்ப இழுக்கிறது. இப்படி அலம்புவதற்கு அந்தத் துகளுக்கென்று ஒரு தாளம். 20 நானோமீட்டர் தங்க உருண்டைக்கு அது பச்சை ஒளியின் தாளத்தோடு பொருந்துகிறது. பச்சையை உருண்டை விழுங்கிவிடுகிறது, நம் கண்ணுக்குச் சிவப்பு வருகிறது. இந்த அலம்பலுக்குப் பெயர் பிளாஸ்மான்.

ஆனால் பச்சையை ரத்தமே விழுங்கிவிடுமே! தாளத்தைக் குறைத்து அகச்சிவப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸ் 1990களில் செய்தது சீரக மிட்டாய் மாதிரி ஒன்று. நடுவில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மணி, சுற்றிலும் மெல்லிய தங்கப் பூச்சு. பூச்சுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இரண்டிலும் எலெக்ட்ரான்கள் அலம்பும். சுவர் மெலிதாக இருப்பதால் ஒன்றின் ஆட்டம் இன்னொன்றைத் தொடும். அப்படித் தொட்டதும், தனித்தனியாக இருந்த இரண்டு தாளங்கள் விலகி, ஒன்று வேகமாகவும் மற்றொன்று நிதானமாகவும் ஆகின்றன. சுவர் மெலிய மெலிய, நிதானமானது இன்னும் நிதானமாகும். அதாவது அகச்சிவப்பை நோக்கி நகரும். அதே தங்கம், அதே அணுக்கள். பூச்சின் தடிமனை மட்டும் மாற்றி, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல வேண்டிய ஒளியைப் பிடிக்கலாம்! 120 நானோமீட்டர் குறுக்களவுள்ள சிலிக்கா மணியின் மேல் சுமார் 15 நானோமீட்டர் பூச்சு போட்டால், அது விழுங்கும் ஒளி கிட்டத்தட்ட 800 நானோமீட்டரில் போய் நிற்கும். ஜார்ஜியா டெக்கின் முஸ்தஃபா எல்-சயீத் குழு உருண்டையை விட்டுவிட்டுக் குச்சி வடிவத் துகளால் அதே காரியத்தைச் சாதித்தது. நீளவாக்கில் அலம்ப அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

விழுங்கிய ஒளி என்ன ஆகிறது? அலம்பிய எலெக்ட்ரான்கள் சில பிக்கோ நொடிகளில் (ஒரு நொடியை லட்சம் கோடி பங்காக்கினால் வருவது ஒரு பிக்கோ நொடி) தங்க அணுக்களை உலுக்கிவிடும். அந்த உலுக்கல்தான் சூடு. அங்கிருந்து சுற்றியுள்ள சதைக்குப் பரவிவிடும்.

சரி, துகள் கட்டிக்கு எப்படிப் போகிறது? அவசரத்தில் வளரும் கட்டி, அவசரத்தில் ரத்தக்குழாய் போட்டுக்கொள்கிறது. அதில் ஓட்டைகள் இருக்கும், துகள்கள் அவற்றின் வழியே கசிந்து தேங்கும். பாடப்புத்தகம் இப்படிச் சொல்லும். நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்டது. பல வகை நானோ துகள்களைச் சேர்த்துப் பார்த்ததில், ஏற்றியதில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இருந்தும் வேலை நடக்கிறது. ஹாலஸும் அவருடைய சக ஆய்வாளர் ஜெனிஃபர் வெஸ்டும் எலிகளில் காட்டியது 2003இல். 2019இல் நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் நடந்த சோதனையின் முடிவு வந்தது. புராஸ்டேட் புற்றுநோய் வந்த 16 ஆண்களுக்கு நரம்பு வழியாகத் துகளை ஏற்றி, மறுநாள் மெல்லிய ஒளியிழையைக் கட்டிக்குள் செருகி லேசர் கொடுத்தார்கள். தங்கம் இல்லாத சதையைச் சுடாத அளவுக்கு லேசரின் சக்தியைக் குறைத்தே வைத்திருந்தார்கள். 15 பேருக்கு சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது. சிறுநீர் விஷயத்திலும் தாம்பத்திய விஷயத்திலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. ஆனால் ஆட்கள் கொஞ்சம், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை.

ஃபாரடே தங்கத்தின் நிறத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர், அவ்வளவே. இன்றைக்கு அவர் நம் ஊரில் நிதி கேட்டு விண்ணப்பித்தால், "இதனால் மூன்று ஆண்டுகளில் என்ன பயன்?" என்ற கட்டத்தில் எதை எழுதியிருப்பார் என்று யோசிக்கிறேன்.

இப்போது பஸ்பம். "அதிலும் நானோ துகள்தான் இருக்கிறது" என்று விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. துகள் சின்னதாக இருப்பது மட்டும் போதாது. சரியான தடிமன் வேண்டும், வயிற்றுக்குப் போகாமல் ரத்தத்துக்குப் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் லேசர் வேண்டும். வெளிச்சம் படாத தங்கம் சூடாகாது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் காசு மட்டுமில்லை.

உங்கள் பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை கட்டி இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். எலும்புக்குப் பரவியிருந்தால் லேசரை எங்கெங்கே கொண்டுபோவது? தவிர, இது இன்னும் ஆஸ்பத்திரிகளில் வழக்கமான சிகிச்சையாகவில்லை. மெதுவாக வளரும் புராஸ்டேட் கட்டிகளை ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பதும் உண்டு. அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "கட்டி சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா?" என்பதை. பெரியப்பா ஏற்கெனவே பஸ்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.