பண்ணைக்குட்டை: குழி வெட்டினால் மட்டும் போதாது

மதுரை மாவட்டத்தில் கள்ளிக்குடி, சேடப்பட்டிப் பக்கம் ஐப்பசி மழை அடித்து ஓய்ந்ததும் ஓடையில் தண்ணீர் டீ நிறத்தில் போகும். அந்த நிறம் புஞ்சையின் மேல்மண். கடைசியில் அது கண்மாயில் படிந்து அதையும் தூர்த்துவிடும். மண்ணை வயலிலேயே நிறுத்தத்தான் சம உயர வரப்புக்கும் (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் வரப்பு) பண்ணைக்குட்டைக்கும் (வயலில் மழைநீர் தேக்க வெட்டும் குட்டை) அரசு உதவி தருகிறது. நீர்வடிப்பகுதி, அதாவது மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலப்பரப்பு, அதில் செய்யும் வேலையை மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிக்க வேண்டும். மேலே வரப்பு இல்லாமல் கீழே குட்டை வெட்டினால், குட்டைதான் முதலில் தூரும்.

குட்டை 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றதும் 800 கன மீட்டர் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கரையைச் செங்குத்தாக வெட்டினால் கரிசல் ஊறிச் சரியும். 1 மீட்டர் ஆழத்துக்கு 1.5 மீட்டர் சரிவு விட்டால் அடித்தளம் 14 மீட்டராகக் குறுகும். கொள்ளளவு 584 கன மீட்டர்தான், அதாவது 5.84 லட்சம் லிட்டர்.

இது நிரம்புமா? 50 மி.மீ. மழையில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடினால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர். 5 ஏக்கர் தண்ணீர் வந்து சேர்ந்தால் அப்படி மூன்று மழை போதும். நிரம்பிய குட்டையில் வெயிலே தினம் 2,000 லிட்டர் குடிக்கும். ஒரு ஏக்கர் பருத்திக்கு 5 செ.மீ. பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, காய் பிடிக்கும் நேரத்தில் இரண்டு தண்ணீர் பாய்ச்சத் தேறலாம். செம்மண்ணில் அதுவும் கசிந்துவிடும். அங்கே கண்மாய் வண்டலை அடியிலும் கரையிலும் பரப்பி, ஈரம் இருக்கும்போதே திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

ஜேசிபிக்காரர் அள்ளிய மண்ணை விளிம்பிலேயே கொட்டுவார்; அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே வந்துவிடும். 1 மீட்டர் இடம் விட்டுக் கொட்டச் சொல்லுங்கள். மிகைநீர் போகும் வழி, கரை உச்சிக்கு 30 செ.மீ. கீழே, கல் பதித்து இருக்கட்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் தானே வழி தேடிக் கரையை அறுக்கும்.

சிட்டா, அடங்கல், புலப்பட நகல், ஆதார், பாஸ்புக்கோடு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விண்ணப்பியுங்கள். மானியம் எவ்வளவு, எந்த அளவுக் குட்டைக்கு என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். இடம் பார்த்து ஆணை தரும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள். முன்னதாகவே வெட்டிய குழியைப் புது வேலையாகக் காட்டுவது கடினம்.

தண்ணீர் நுழையும் இடத்துக்கு முன்னால் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி அவசியம். ஓட்டம் அங்கே தணிந்து மண் அடியில் தங்கும். பாதி நிறைந்ததும் அள்ளி, வந்த வயலிலேயே திரும்பப் பரப்பலாம்.