பைக்கற்றின் முன்பக்கம் சொல்வதை நம்பலாமா?

திருகோணமலை மத்திய வீதிக் கடையில் ஒரு குளிர்பானப் போத்தலை எடுத்தால் கண்ணில் முதலில் படுவது பழப் படமும் "இயற்கைச் சுவை" என்ற எழுத்தும்தான். அது வியாபாரி சொல்ல விரும்புவது. நாம் தேட வேண்டியது சட்டம் போட வைத்த சின்ன நிற வட்டத்தை.

2016 ஓகஸ்ட் 1 முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு இந்த வட்டம் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. கணக்கு 100 மில்லிலீற்றருக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 கிராம் என்று செம்மஞ்சள் வட்டம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தலை ஒரு பிள்ளை முழுதாகக் குடித்தால் 40 கிராம் சீனி, அதாவது எட்டுத் தேக்கரண்டி உள்ளே போகிறது. சிவப்பு இல்லையே என்று நிம்மதியாக வாங்கிக் கொடுப்பது சரியல்ல. பிஸ்கற் போன்ற திண்ம உணவுகளுக்குச் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிறக் குறியீடு உண்டு. கடையில் நிறுத்துத் தரும் மிக்சரிலும் கருவாட்டிலும் இதைத் தேடிப் பயனில்லை.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி, உணவின் தன்மை, தரம், சேர்மானம் பற்றிப் பொய்யாகவோ தவறான எண்ணம் வரும்படியோ லேபல் ஒட்டுவதும் விளம்பரம் செய்வதும் குற்றம். ஆனாலும் உண்மையைச் சொல்லியே ஏமாற்ற வழி இருக்கிறது. தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ட்ரோல் இல்லை" என்றிருந்தால் அது பொய்யில்லை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரோல் பேசத்தக்க அளவில் இருப்பதில்லை. தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி அந்த வரி வாய் திறக்காது.

குரக்கன் பிஸ்கற்றையும் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியல் நிறைப்படி, கூடியதிலிருந்து குறைந்ததற்கு எழுதப்படும். கோதுமை மாவும் சீனியும் முன்னுக்கு நின்று குரக்கன் நாலாவதாக வந்தால், அது குரக்கன் சேர்த்த கோதுமை பிஸ்கற், அவ்வளவுதான். நீரிழிவுள்ள அப்பா அம்மாவுக்கு நல்லதென்று நம்பி வாங்குபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்த நம்பிக்கையை விலையாக்குவது எனக்குக் கோபம் தருகிறது.

லேபல் பொய்யென்றோ உணவு பழுதென்றோ பட்டால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. காலாவதியான பொருள், விலை மோசடி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். பில் கேட்டால் கடைக்காரர் தந்தே ஆக வேண்டும். தொகுதி இலக்கம் அச்சிட்ட பைக்கற்றையும் எறிந்துவிடாதீர்கள். எந்தத் தொகுதி என்று அவர்கள் முதலில் கேட்பார்கள்.