இன்டிகேட்டர்: தரச்சுட்டி

வீட்டிலும் சிறு பேறுகால மையங்களிலும் நடக்கும் தாய்மைப் பராமரிப்பின் தரத்தை அளக்கிறவர்கள் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் 'இன்டிகேட்டர்'. தரம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவை அப்படிச் சொல்கிறார்கள். வண்டி திரும்பும்போது மினுக்கும் விளக்குக்கும் அதே பெயர்தான்.

மூலம் லத்தீன். 'இன்டிகாரே' என்றால் காட்டுதல். அதன் உறவுச் சொல்லான 'இன்டெக்ஸ்' ஆள்காட்டி விரலையும் குறிக்கும். நாம் அந்த விரலைச் சுட்டுவிரல் என்கிறோம். இவ்வளவு பக்கத்தில் சொல் இருக்க வேறெங்கும் தேட வேண்டியதில்லை: தரச்சுட்டி. வெறும் 'சுட்டி' என்றால் குறும்புக்காரக் குழந்தையும் கணினிச் சுட்டியும் நினைவுக்கு வரும். 'தர' முன்னால் நின்றால் குழப்பமில்லை. 'குறிகாட்டி'யும் பழுதில்லாத சொல்தான். 'குறியீடு' வேண்டாம், அது சின்னத்துக்கும் சங்கேதத்துக்கும் உரியது.

சுட்டி வேறு, இலக்கு வேறு. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பது சுட்டி. 2030க்குள் உலக அளவில் அதை 70க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. ஆனால் ஆண்டுக்கு 100 பேறு பார்க்கும் மையத்துக்கு இந்தச் சுட்டி உதவாது. 70 என்ற கணக்கிலேயே வைத்தாலும் ஒரு மரணம் பதிவாகப் பதினான்கு ஆண்டு ஆகும். அதுவரை விரல் எதையும் காட்டாது.

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபீடியன் 1966இல் அதை அமைப்பு (ஆளும் கருவியும்), செயல்முறை (செய்யும் வேலை), விளைவு (அதனால் நேர்வது) என மூன்றாகப் பிரித்தார். விளைவு அரிதாக இருக்கும் இடத்தில் செயல்முறையைப் பார்க்கலாம்: வருகைதோறும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா? இதிலும் ஏமாறலாம். பதிவேட்டைப் புரட்டினால் பத்துப் பேருக்கும் வரிசையாக 120/80 என்றிருக்கும். கட்டம் நிரம்பியிருக்கிறது, கையில் பட்டை சுற்றினார்களா என்பது சந்தேகம்தான்.

பெரிய வழுக்கல் கணக்கின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே எழுதும் எண்ணில். வலி கண்டபின் சிக்கலாகி மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட பெண்ணை மருத்துவமனைக் கணக்கில் எழுதிவிட்டால் வீட்டுப் பேறு எப்போதும் பத்திரமாகவே தெரியும். 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு, பேறு முடிந்த இடத்தை விட்டுவிட்டுத் தொடக்கத்தில் திட்டமிட்ட இடத்தின்படி எண்ணியது. வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல் பேற்றுப் பெண்களில் 45 விழுக்காட்டினர் இடம் மாற்றப்பட்டது அப்படித்தான் தெரிந்தது. சுட்டிக்குப் பெயர் வைக்கையில் 'வீட்டுப் பேறு' என்று நிறுத்தாமல் 'வீட்டில் பெறத் திட்டமிட்ட பேறு' என்று எழுதுவது இதற்காகத்தான்.