பேரன் படத்தை அழித்தால் போன் வேகமாகுமா?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா போனை என் கையில் கொடுத்தார். "மெமரி ஃபுல்லுன்னே காட்டுதுப்பா. வாட்ஸ்அப்ல இருந்து கேமராவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா மறுபடி முதல்ல இருந்து திறக்குது. பேரன் போட்டோ முந்நூறு நானூறு அழிச்சுட்டேன், ஒண்ணும் மாறல." பேரன் பிறந்த நாளிலிருந்து எடுத்து வைத்த படங்கள் அவை. கேட்கவே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருந்தன.

குழப்பத்துக்கு அந்தச் சொல்லே பாதிக் காரணம். செல்போன் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று எழுதிப் போட்டிருந்த காலத்திலேயே மெமரி என்ற சொல் நம் வாயில் நுழைந்துவிட்டது. ஆனால் அந்தக் கார்டு செய்யும் வேலை ஸ்டோரேஜ் வேலை, அதாவது படம், பாட்டு, ஆப் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது. கணினித் துறையில் வெறுமனே மெமரி என்றால் ரேம், அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தற்காலிகமாக இருக்கும் இடம். போன் பெட்டியில் 8+128 என்று போட்டிருந்தால் 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ். இரண்டையும் ஜிபியில்தான் அளக்கிறோம், இரண்டும் சிலிக்கான் சிப்தான், ஆனால் உள்ளே எலெக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும் விதம் நேர் எதிரானது.

ரேமில் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரே ஒரு தகவல், என்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு குட்டி மின்தேக்கி (கெப்பாசிட்டர்), அதன் வாசலில் ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, காலியாக இருந்தால் 0. ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசித்த அமைப்பு இது, 1968-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் விற்பனைக்கு விட்ட 1103 சிப்பில் மொத்தமே 1,024 பிட்தான், அதிலும் பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. இன்று 8 ஜிபி ரேம் என்றால் ஏறத்தாழ 6,870 கோடி மின்தேக்கிகள் உங்கள் சட்டைப் பையில் இருக்கின்றன.

டிரான்சிஸ்டரை ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் மின்னூட்டம் உள்ளே பாயும், திறந்ததும் வெளியே வரும், தடுக்க ஒன்றும் இல்லை, வேகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அவ்வளவு லேசான கதவு சாத்தியிருக்கும்போதும் கசியும். ஓட்டைக் குடம் மாதிரி. அதனால், வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் இந்தப் பிட்டுகளில் எந்த வரிசையும் வடிந்துபோகாதபடி, வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்து, 1 இருந்த இடத்தில் மறுபடி நிரப்பி வைக்க வேண்டும். நீங்கள் எதையும் தொடாமல் போனை மேஜையில் வைத்திருந்தாலும், நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் இந்த நிரப்பல் நடந்துகொண்டே இருக்கும். இதில் இன்னொன்று, படிப்பதற்காகக் கதவைத் திறந்தாலே குடம் காலியாகிவிடும், படித்ததைத் திரும்ப எழுதினால்தான் அது அங்கே நிற்கும்.

கரண்ட் போனால் ரேமில் உள்ளது எல்லாம் அந்த நொடியே போய்விடும் என்று படித்திருப்போம். கொஞ்சம் திருத்த வேண்டும், கசிவதற்கும் நேரம் வேண்டுமே! 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தூசி ஊதப் பயன்படும் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேம் சிப்பின் மேல் பீய்ச்சி, கசிவு மெதுவாகும்படி −50 டிகிரி செல்சியஸ் வாக்கில் குளிர வைத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்தினார்கள். 10 நிமிடம் கழித்தும் 1 சதவீதத்துக்கும் குறைவான பிட்டுகளே அழிந்திருந்தன. ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்த ரகசியச் சாவிகளையே அப்படி ரேமிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான், கசிவு என்பதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும்.

அப்புறம் ஸ்டோரேஜ். போன், பென் டிரைவ், கணினியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி எல்லாவற்றிலும் இருப்பது ஃபிளாஷ். இதன் அடிப்படையை 1967-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவன் காங்கும் சைமன் ஸீயும் கண்டுபிடித்தார்கள். 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா அதை ஃபிளாஷாக்கினார், இன்று நாம் பயன்படுத்தும் நேண்ட் வகை 1987-ல் வந்தது. இங்கே பிட் இருப்பது கதவே இல்லாத ஓர் அறையில். சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு சுவர். எலெக்ட்ரானை உள்ளே அனுப்ப 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்துச் சுவரின் வழியாகவே ஊடுருவ வைக்க வேண்டும், வெளியே எடுப்பதற்கும் அதே பாடு. உள்ளே போனது பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும், பேட்டரி வேண்டாம், நிரப்ப ஆள் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை ஊடுருவும்போதும் சுவர் கொஞ்சம் பழுதாகிறது, அதனால்தான் ஃபிளாஷுக்கு இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற ஆயுள் இருக்கிறது. ரேமுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, ரேமைவிட ஸ்டோரேஜ் எவ்வளவு மெதுவு? ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோநொடியை ஒரு நொடியாக நீட்டிப் பார்ப்போம். ரேமில் இருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோநொடி ஆகும், அதாவது ஒன்றே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல எஸ்எஸ்டியில் 100 மைக்ரோநொடி ஆகும் என்று வைத்தால் அது 28 மணி நேரம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், முள் சரியான தடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று அந்த இடம் கீழே வரும்வரை காத்திருந்து எடுக்க 10 மில்லிநொடிக்கு மேல் ஆகும், நம் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு மாதம். ஒரு வரி படிக்க நான்கு மாதம் காத்திருக்க எந்த பிராசஸராலும் முடியாது. அதனால்தான் எந்த ஆப்பைத் திறந்தாலும் அது முதலில் ஸ்டோரேஜில் இருந்து ரேமுக்கு வந்து சேர்கிறது, ஓடுவது எப்போதும் அங்கேதான்.

சித்தப்பா போனில் ரேம் 3 ஜிபி. வாட்ஸ்அப் திறந்திருக்கும்போது கேமராவைத் திறந்தால் இரண்டுக்கும் இடம் போதாமல் ஆண்ட்ராய்டு பின்னால் இருப்பதை மூடிவிடுகிறது, திரும்பி வந்தால் மறுபடி ஸ்டோரேஜில் இருந்து ஏற்ற வேண்டும். இதற்கு எத்தனை படம் அழித்தாலும் பயன் இல்லை. கடையில் 8+8 ஜிபி ரேம் என்று சொல்லி விற்பார்கள், அந்த இரண்டாவது 8 ஸ்டோரேஜில் இருந்து ஒதுக்கியது. ஒன்றே முக்கால் நிமிட வேலையை 28 மணி நேரக்காரரிடம் கொடுப்பதற்கு ரேம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தொடாமல் கிடக்கும் ஆப்பைத் தள்ளிவைக்க அது உதவும், ஆனால் அதை நம்பி ரேம் குறைவான போனை வாங்காதீர்கள்.

ஃபுல் என்று வந்த எச்சரிக்கை வேறு கதை. 32 ஜிபி ஸ்டோரேஜில் அரை ஜிபிகூட மீதி இல்லை. ஃபிளாஷில் பழையதன் மேல் நேராக எழுத முடியாது, ஒரு பெரிய தொகுதியையே மொத்தமாக அழித்த பிறகுதான் எழுதலாம். காலித் தொகுதி இல்லையென்றால் இருப்பதை இங்கும் அங்கும் நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டியிருக்கும், அப்போது எழுதும் வேலையெல்லாம் திணறும். ஆக இடம் விடுவது நல்லதுதான், ஆனால் அதற்குப் பேரன் படங்கள் போக வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருந்த காலை வணக்க வீடியோக்கள் மட்டும் 9 ஜிபி இருந்தன, அவற்றை அழித்தோம்.

அவர் அழித்தும் இடம் ஏன் கூடவில்லை என்று பார்க்கும்போதுதான் விஷயம் புரிந்தது. பல போன்களில் அழித்த படம் உடனே போவதில்லை, குப்பைத் தொட்டி என்ற பெயரில் சில வாரம் அதே ஸ்டோரேஜில் கிடக்கும். திறந்து பார்த்தேன், 340 படங்களும் இருந்தன. மருத்துவமனைத் துணியில் சுற்றிய முதல் படத்தில் இருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தேன்.