பூசை நேரத்தில் வாசலில் நிற்பவர்களுக்கு

ஒரு சித்திரை மாத ஞாயிறு. காலை ஆறரைப் பூசை. நற்செய்தி வாசிக்க எல்லாரும் எழும்பிய நேரம், நான்காவது வாங்கில் நின்ற எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா மெல்லச் சரிந்து விழுந்தார்.

வாசல் பணியில் நின்ற மூன்று பேரும் ஓடினார்கள். ஒருவர் அவரைத் தூக்கி உட்கார வைத்தார். இன்னொருவர் போத்தல் தண்ணீரை வாயில் ஊற்றப் பார்த்தார். வலிப்பு என்று நினைத்த மூன்றாமவர் தன் திறப்புக் கொத்தை அம்மாவின் கைக்குள் வைத்து இறுக்கினார். அதற்குள் சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள், மின்விசிறிக் காற்று கூட அவருக்குப் படவில்லை. பக்கக் கதவால் வெளியே கொண்டுபோவோம் என்றால் அது பூட்டியிருந்தது. “மிஸ், திறப்பு பாட்டுக்காரத் தம்பிட கையில” என்றார்கள். அந்தத் தம்பி மேல்மாடத்தில் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கோவில் ஒன்றில் பதினொரு வருடமாக நானும் வாசல் பணியாளர்தான். அம்மாவைத் தரையில் நேராகக் கிடத்தி, கால்களை ஒரு வாங்கின் மேல் உயர்த்தி வைத்தோம். கண் விழித்தார். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, கையில் நடுக்கம். என் பையில் இருந்த கருவியால் விரலில் குத்திப் பார்த்தேன்: சீனி 52. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு.

“அம்மா, காலையில் என்ன சாப்பிட்டீங்க?”

“நன்மை எடுக்கோணுமே பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்ல. குளிசையை மட்டும் போட்டன்.”

நன்மை என்று அவர் சொன்னது பூசையில் கொடுக்கும் அப்பத்தை, நற்கருணையை. அதை வெறுவயிற்றில்தான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தார். பேசவும் விழுங்கவும் முடிந்ததால் அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்க 94. பிறகு இரண்டு கிறீம் கிறேக்கர் பிஸ்கட். நற்கருணை வழங்கும் நேரத்துக்கு அவர் எழும்பி இருந்துவிட்டார்.

அன்று ஓடி வந்த மூவரையும் எனக்கு நன்றாகத் தெரியும். அன்பானவர்கள், பல வருடமாக வருபவர்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறையில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் மணிக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கும் நான், என்னோடு ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. வாசகம் வாசிப்பவரை உச்சரிப்புக்காக முதல்நாளே ஒத்திகைக்குக் கூப்பிடுகிறோம். பாடகர் குழாம் திருவிழாவுக்கு வாரக்கணக்கில் பயிற்சி எடுக்கிறது. பீடப்பணி செய்யும் சிறுவனுக்கு எந்த இடத்தில் மணி அடிக்க வேண்டும் என்பது மனப்பாடம். வாசலில் நிற்பவருக்கு மட்டும் நெஞ்சில் குத்த ஒரு அட்டையைக் கொடுத்து நிறுத்திவிடுகிறோம்.

ஒரு காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் கதவு காப்பது குருத்துவத்துக்குப் போகும் வழியில் ஒரு தனிப் படி நிலையாகவே இருந்தது. அந்தப் பட்டம் பெறுகிறவரின் கையில் கோவில் திறப்பைக் கொடுப்பார்கள். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் படிநிலையை நீக்கினார். வாசகர், பீடத்துணைவர் என்ற இரண்டு பணிகளே மிஞ்சின. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவற்றைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். கதவு காக்கும் பட்டம் போனாலும் கதவு காக்கும் வேலை போகவில்லை. கொழும்பில் அது இன்னும் கனத்துவிட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாளைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு எங்கள் கோவில்களின் வாசல்கள் மாறின. பை பார்க்கிறோம், ஒரு வாசலால் மட்டும் உள்ளே விடுகிறோம். அது தேவையான காரியம். பெண்களின் பையைப் பெண் பணியாளர் பார்க்கட்டும். “அம்மா, பையை ஒருக்கா பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் பார்க்கட்டும். சிங்களத்தில் கேட்கவும் தெரிந்த ஒருவர் கூடவே நிற்கட்டும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தோனியாரிடம் வருகிறவர்கள் எல்லாரும் தமிழரும் அல்ல, எல்லாரும் கிறிஸ்தவரும் அல்ல.

ஆனால் உள்ளே வருவதற்கு ஒரு வாசல் போதும் என்பதால், வெளியே போவதற்கும் ஒன்று போதும் என்று ஆகிவிடாது. உள்வரும் ஆட்களைத் தடுக்கப் பூட்டிய கதவு, தீ பிடித்தாலோ கூட்டம் கலைந்து ஓடினாலோ உள்ளே இருப்பவர்களை அடைத்து வைக்கும் கதவாகிவிடும். ஆகவே பூசை நேரத்தில் எந்தக் கதவும் ஆள் இல்லாமல் பூட்டியிருக்கக் கூடாது. வெளியிலிருந்து வர முடியாதபடி ஒரு கதவைச் சாத்தி வைத்தால், அதன் உட்பக்கத்தில் ஒரு பணியாளர் நிற்க வேண்டும். பூட்டுப் போட்டிருந்தால் திறப்பு அவர் கையில் இருக்க வேண்டும். திருவிழா நாட்களில் கூட்டம் கூடியதும் கதவை மறைத்துக் கதிரை போடும் பழக்கம் எங்களிடமும் உண்டு. அந்தக் கதிரையை எடுக்கச் சொல்வதும் வாசல் பணியாளரின் கடமைதான், அதில் பங்குப் பேரவைத் தலைவரே இருந்தாலும்.

இனி வெறுவயிற்றுக்கு வருகிறேன். கொழும்பில் காலைப் பூசைகளில் நான் பார்த்த மயக்கங்களில் பெரும்பாலானவை இதனால் வந்தவை.

நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் நன்மை எடுத்த காலத்தில் வளர்ந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டம் எப்போதோ மாறிவிட்டது. தண்ணீர் நோன்பை முறிக்காது என்று 1953இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்துவிட்டார். 1957இல் நோன்பு மூன்று மணித்தியாலமாகவும், 1964இல் ஒரு மணித்தியாலமாகவும் குறைந்தது. அந்த ஒரு மணித்தியாலமும் நற்கருணை வாங்கும் நேரத்துக்கு முந்தியது, பூசை தொடங்கும் நேரத்துக்கு அல்ல. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அந்த ஒரு மணித்தியாலக் கட்டுப்பாடு கூட இல்லை. ஆறு மணிக்குப் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு ஆறரைப் பூசைக்கு வந்து நன்மை எடுக்க ஒரு சீனி வருத்தக்காரருக்கு முழு உரிமை இருக்கிறது. இதைப் பங்குச் சுவாமி பீடத்திலிருந்து சொன்னால்தான் பெரியவர்கள் நம்புவார்கள். நான் சொன்னபோது, “நீ ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லு பிள்ளை” என்று ஒரு அம்மா கையைத் தட்டிவிட்டார். எங்கள் பங்குத்தந்தை ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில் இரண்டே நிமிடத்தில் சொன்னார். அதன் பிறகு சிலர் பிஸ்கட் பைக்கற்றோடு வரத் தொடங்கினார்கள்.

எல்லாச் சீனிக் குளிசையும் இப்படி விழுத்தாது. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இப்படிக் குறைவது அரிது. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும்தான் சாப்பிடாமல் மருந்தெடுத்தால் ஆபத்தில் விழுவார்கள். வியர்வை, நடுக்கம், பேச்சு குழறுதல், காரணமில்லாத எரிச்சல், முகத்தில் ஒரு வெறித்த பார்வை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் விழுவதற்குக் கொஞ்ச நேரம் முந்தியே இவை தெரியும். அந்த நேரத்தில் உங்கள் கண் அவர் மேல் பட்டால் அவர் விழாமல் தடுக்கலாம். அதற்காகத்தான் வாசலில் நிற்பவர் பீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று சொல்கிறேன். உங்கள் செபம் குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். முகங்களைப் பார்ப்பதுதான் அந்த ஒரு மணித்தியாலத்தில் உங்களுக்குத் தரப்பட்ட வழிபாடு.

பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. முழங்காலில் இருந்துவிட்டுச் சட்டென்று எழும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அப்படிப்பட்டவர்களிடம் போய், “ஐயா, இருந்துகொண்டே செபியுங்கோ” என்று மெதுவாகச் சொல்லலாம். இயலாதவர்கள் எழும்பி நிற்க வேண்டிய கட்டாயம் எந்த வழிபாட்டிலும் இல்லை. நீண்ட நேரம் நின்று பாடும் பெந்தெகொஸ்தே சபைகளில் பணி செய்யும் நண்பர்களுக்கும் இதையே சொல்லுவேன்.

ஒருவர் விழுந்துவிட்டால்? உட்கார வைக்காதீர்கள், கிடத்துங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்க, மற்றவர்கள் கூட்டத்துக்கு முதுகு காட்டாமல் கூட்டத்தைப் பார்த்து நின்று ஆட்களை விலக்குங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும், தீர்த்தமும் கூட ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு வந்தவர் கையில் இரும்போ திறப்போ வைப்பதால் எதுவும் நிற்காது. தலைக்குக் கீழே ஒரு சேலைத் தலைப்பையோ பையையோ வைத்து, அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துங்கள். கையில் மணிக்கூடு இருப்பவர் நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ். நெஞ்சு நோவு என்பவரை வெளிக் காற்றுக்கு நடத்திக்கொண்டு போகாதீர்கள், இருந்த இடத்திலேயே இருத்துங்கள். கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் வழமைபோல் இல்லாமல் இருந்தால் ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் இறங்க அழுத்துங்கள். இதைப் படித்து மட்டும் வராது, பொம்மையில் கை வைத்துப் பழக வேண்டும்.

1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை. மேல் மாகாணத்தில் 2016இலிருந்து இருக்கிறது. அழைத்தால் முதலில் கேட்பது இடம். பக்கத்திலுள்ள சந்தியின் பெயரையும், எந்த வாசலுக்கு வண்டி வரவேண்டும் என்பதையும் ஒரு மட்டையில் மூன்று மொழியிலும் எழுதி வாசலடியில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த வீதியின் பெயரே மறந்துபோகும். ஒரு தம்பியை றோட்டுக்கு அனுப்புங்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் ஞாயிறு காலை ஓட்டோக்கள் இரண்டு பக்கமும் நிற்கும், வண்டிக்கு வழி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியாளர்களுக்கு ஒரு தனி வார்த்தை. பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. வெளியே பார்க்கத் தெரியாது. உலர்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டிப் புரையேறினால் அது சின்ன விஷயம் அல்ல. கொடுப்பதற்கு முன் வீட்டாரிடம், “சாப்பாடு எப்பிடிக் குடுக்கிறீங்க? குழைச்சா, தண்ணியாவா?” என்று கேளுங்கள். படுத்த படுக்கையில் கொடுக்காதீர்கள், முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்துங்கள். மிகச் சிறு துண்டு போதும், அதிலும் முழு நற்கருணைதான். அப்பத்தை விழுங்கவே முடியாதவருக்கு இரசம் மட்டும் கொடுக்கத் திருச்சபை அனுமதிக்கிறது, சுவாமியிடம் கேட்டு ஒழுங்கு செய்யலாம். மூக்கால் குழாய் போட்டிருப்பவருக்கு எதையும் வாயில் வைக்க வேண்டாம், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டுக்குள் போனதும் கை கழுவுங்கள். உங்களுக்கே காய்ச்சலோ இருமலோ இருந்தால் அந்த வாரம் வேறொருவர் போகட்டும். படுக்கையில் இருப்பவருக்கு உங்கள் தடிமல் நியுமோனியா ஆகலாம்.

மறைக்கல்வி வகுப்பு, ஞாயிறு பாடசாலை பற்றிச் சுருக்கமாக: ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறைக்குள் தனியே இருக்கக் கூடாது, யாராக இருந்தாலும். சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கோவில் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

பூ வைக்கும் அக்காமாரிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் டெங்குப் பிள்ளைகளைப் பார்த்துக் களைத்தவள் கேட்கிறேன். பீடத்துப் பூச்சாடித் தண்ணீரை ஞாயிறுக்கு ஞாயிறு கொட்டுங்கள், சாடியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பின் முட்டை சாடிச் சுவரில் ஒட்டிக் கிடக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால் திருவிழா முடிந்து போட்ட தகர டின்கள், கல்லறைகளில் விட்டுப்போன மெழுகுதிரிக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் ஒருக்கா கவிழ்த்துவிடுங்கள்.

அந்தச் சித்திரை ஞாயிறுக்குப் பிறகு எங்கள் பக்கக் கதவின் திறப்பு, கதவுக்குப் பொறுப்பான பணியாளரின் கழுத்தில் தொங்குகிறது. திருப்பண்ட அறையில் ஒரு டப்பாவில் சீனி, பிஸ்கட், கையுறை. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒத்திகை வைக்கிறோம். ஒருவரை முன் வாங்கில் விழச் சொல்லி, கதிரையில் இருத்தி றோட்டு வரை தூக்கிக்கொண்டு போகிறோம். முதல் தடவை நான்கு நிமிடம் எடுத்தது, படியடியில் கதிரை சிக்கியது. போன மாதம் ஒன்றரை நிமிடம். விழுந்தவராக நடித்தது கீபோர்ட் வாசிக்கும் தம்பி.