வேதப்புரட்டு: சொல்லும் பொருளும்

கிறிஸ்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வெகு சுலபமாக வீசிவிடும் சொல் 'கள்ள உபதேசம்'. ஞானஸ்நானத்தைத் தெளித்துக் கொடுப்பதா, மூழ்கிக் கொடுப்பதா என்ற வாக்குவாதத்திலும் அது வருகிறது. கிறிஸ்து தேவனே இல்லை என்று போதிக்கிறவருக்கும் அதே பெயர்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. விசுவாசத்தின் அடிப்படையையே மாற்றிவிடும் போதனையை ஆங்கிலத்தில் 'ஹெரெசி' என்பார்களே, அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகிவிடும்.

மூலம் கிரேக்கச் சொல்லான 'ஹைரெசிஸ்'. எடுத்துக்கொள்ளுதல், தெரிந்துகொள்ளுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஒருவர் தெரிந்துகொண்ட கொள்கை, அந்தக் கொள்கையைச் சார்ந்த கூட்டம் என்று பொருள் விரிந்தது. முதலில் இதில் எந்த வசையும் இல்லை. யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனர் ஆகிய மூன்று கூட்டத்தாரையும் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்.

நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தால், இந்த ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு உடை உடுத்தி நிற்கிறது. அப்போஸ்தலர் 5:17-இல் சதுசேய 'சமயத்தார்'. 24:14-இல் பவுல் தேசாதிபதியின் முன் நின்று, இவர்கள் 'மதபேதம்' என்று சொல்லுகிற மார்க்கத்தின்படியே ஆராதனை செய்கிறேன் என்கிறார். கலாத்தியர் 5:20-இல் 'மார்க்கபேதங்கள்'. 2 பேதுரு 2:1-க்கு வந்தால் 'கேட்டுக்கேதுவான வேதப்புரட்டுகள்'. மொழிபெயர்த்தவர்கள் தடுமாறவில்லை, அந்தந்த இடத்தின் பொருளை அறிந்துதான் சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆனால் 'மதபேதம்' இன்று குழப்பம் தரும். 'சாதி மத பேதமின்றி' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது மதப் பாகுபாடாகத்தான் கேட்கும்.

என் கணிப்பில் சரியான தமிழ்ச் சொல் வேதப்புரட்டுதான். அதற்கு ஆதாரம் பேதுருவின் அதே நிருபத்தில் இருக்கிறது. கல்லாதவர்களும் உறுதியில்லாதவர்களும் வேதவாக்கியங்களைப் 'புரட்டுகிறார்கள்' என்கிறது 3:16. அங்கே உள்ள கிரேக்க வினைக்கு முறுக்குதல் என்று பொருள். ஆக, வேதத்தைத் தள்ளிவிடுகிறவரைப் பற்றிய சொல் இல்லை இது. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, மற்றதை அதற்கேற்ப வளைக்கிறவரைப் பற்றியது. தெரிந்தெடுத்தல் என்ற பழைய வேர்ப்பொருளும் இதற்குள் உயிரோடு இருக்கிறது.

அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுவைப் பாருங்கள். 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்ற யோவான் 14:28-ஐக் காட்டினார். ஞானம் பேசுகிற நீதிமொழிகள் 8:22-ஐக் காட்டினார். அவர் கையிலிருந்த கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த வசனம் 'கர்த்தர் என்னைச் சிருஷ்டித்தார்' என்றே இருந்தது. அப்புறம் என்ன, குமாரன் சிருஷ்டிகளில் முதன்மையானவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று முடித்துவிட்டார். காட்டியது எல்லாம் வசனம்தான். 'அந்த வார்த்தை தேவனாயிருந்தது' என்று யோவான் முதல் வரியிலேயே எழுதியதுதான் அவர் கணக்கில் வரவில்லை. கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் குமாரன் பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர், பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். அதோடு பிரச்சினை ஓயவில்லை. அந்த அறிக்கையில் உறுதியாக நின்ற அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுவை ஐந்து முறை நாடு கடத்தினார்கள். கிறிஸ்து சிருஷ்டி என்றால் நம்மை மீட்க அவரால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

கத்தோலிக்கத் தமிழில் 'தப்பறை' என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் பொய், பிழை என்ற அளவில் பொதுவாக நிற்கிறது. 'பேதகம்' இன்னொரு பழைய சொல். லுத்தரன் சபையாரை மறுத்து வீரமாமுனிவர் எழுதிய நூலின் பெயரே 'பேதகமறுத்தல்'. விசுவாசத்தையே கைவிடுவது 'விசுவாச துரோகம்', சபை உடைவது 'பிரிவினை'. இவை வேதப்புரட்டோடு சேர்ந்து வரலாம், ஆனால் அதுவே இவை ஆகிவிடாது.

எதிர்ச்சொல்லையும் கவனிக்க வேண்டும். 2 தீமோத்தேயு 4:3 சொல்வது 'ஆரோக்கியமான உபதேசம்'. கிரேக்கத்திலும் அது உடல்நலத்தைக் குறிக்கும் சொல்தான். இதைக் காத்துக்கொள்ள பெரோயா பட்டணத்தார் செய்ததை நாம் எல்லோரும் செய்யலாம்: பவுலே வந்து பிரசங்கித்தபோதும், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டார்கள், ஆராய்ந்தும் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே வசனம் பாராட்டுகிறது.

சரி, இந்தச் சொல்லை எப்போது பயன்படுத்தலாம்? கிறிஸ்து யார், அவர் மாம்சத்தில் வந்தாரா, மரித்து உயிர்த்தாரா, இரட்சிப்பு எங்கிருந்து வருகிறது என்ற இடங்களில் புரட்டு நடந்தால், தயங்காமல் வேதப்புரட்டு என்றே சொல்ல வேண்டும். அங்கே மழுப்புவது அன்பு ஆகாது, கேட்கிறவர்களின் ஆத்துமாவை அது கெடுக்கும். ஆராதனை ஒழுங்கு, பண்டிகை நாள் போன்றவற்றுக்குக் கருத்து வேறுபாடு என்ற எளிய சொல்லே போதும். உண்மையாகவே புரட்டுகிற ஒருவரைக்கூட உடனே ஒதுக்கச் சொல்லவில்லை பவுல். தீத்து 3:10-இன்படி, இரண்டொருதரம் புத்தி சொன்ன பின்புதான் விலக வேண்டும்.